தப்பிப்புத் தடம் ஒன்றின் வரலாற்றை ஆவணங்களிலிருந்து மீட்பது எப்படி

1940 மே, ஜூன் மாதங்களில் பெல்ஜியமும் பிரான்சும் ஜெர்மனியிடம் வீழ்ந்தபோது, வடபிரான்சின் டன்கர்க் துறைமுகத்தில் கப்பலேற முடியாமல் பின்தங்கிய பிரிட்டிஷ் சிப்பாய்கள் பலர் பண்ணை வீடுகளிலும் நகரத்து மாடிக் குடியிருப்புகளிலும் ஒளிந்து வாழ்ந்தார்கள். அடுத்த ஆண்டு முதல், சுட்டு வீழ்த்தப்பட்ட விமானங்களிலிருந்து பாராசூட்டில் குதித்த விமானப்படையினரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். இவர்களை வீடு வீடாக, ஊர் ஊராகக் கைமாற்றி, ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளின் குறுக்கே ஸ்பெயின் எல்லைக்கோ ஆள் நடமாட்டமில்லாத கடற்கரைக்கோ கொண்டுசேர்த்த இரகசிய அமைப்புகளையே தப்பிப்புத் தடங்கள் என்கிறோம். அவற்றில் ஒன்றைப் பற்றிக் கட்டுரையோ நாவலோ பாட்காஸ்ட்டோ உருவாக்க விரும்பும் ஒருவர், ஆவணங்களை எந்த வரிசையில் தேட வேண்டும், எப்படிப் படிக்க வேண்டும், எந்த இடத்தில் ஐயப்பட வேண்டும் என்பதை இங்கே என்னால் இயன்ற அளவு விளக்கமாக எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். தடத்தை நடத்தியவர்கள் பெரும்பாலும் எதையும் எழுதி வைக்கவில்லை. ஒரு முகவரி எழுதிய துண்டுச் சீட்டு பிடிபட்டால் ஒரு குடும்பமே அழியும் என்பதால், எழுதாமல் இருப்பதே அவர்களுடைய முதல் ஒழுக்கமாக இருந்தது. எழுத்தில் பதிந்தவை பெரும்பாலும் அவர்களால் காப்பாற்றப்பட்டு லண்டன் திரும்பிய பயணிகளின் வாக்குமூலங்கள்தாம். ஆகவே ஆய்வு பயணியிடம் தொடங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் அவரிடமே முடிந்துவிடக் கூடாது. பிடிபட்ட விமானி போர்க்கைதி முகாமுக்குப் போனார், பெரும்பாலும் போர் முடிந்ததும் வீடு திரும்பினார். அவருக்குச் சூப் கொடுத்த பெண்மணியோ வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார் அல்லது சுட்டுக்கொல்லப்பட்டார். இவ்வளவு பெரிய வேறுபாடு இருந்தும், வெகுசன நூல்களில் விமானியின் பெயர் முழுமையாகவும் அந்தப் பெண்மணி ‘ஒரு பெல்ஜியப் பெண்’ என்று மட்டும் இடம்பெறுவது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது. நல்ல ஆய்வு என்பது அந்தப் பெண்ணின் பெயரைக் கண்டுபிடிக்கும்வரை நிற்காத ஆய்வு.

எந்தத் தடத்தைத் தேர்ந்தெடுப்பது

பிரான்சின் தெற்கே மார்செய் நகரை மையமாகக் கொண்டு இயங்கியது பேட் ஓலியரி தடம். இதைத் தொடக்கத்தில் கட்டியமைத்தவர்களுள் முதன்மையானவர் இயன் கேரோ என்னும் ஸ்காட்லாந்து அதிகாரி. 1941 அக்டோபரில் அவர் கைதான பிறகு, பேட் ஓலியரி என்ற புனைபெயரில் இயங்கிய ஆல்பர்ட் கெரிஸ் என்னும் பெல்ஜிய இராணுவ மருத்துவர் பொறுப்பேற்றார். 1944இல் பிரான்சின் வடமேற்கிலுள்ள பிரிட்டனி கடற்கரையில் இயங்கிய ஷெல்பர்ன் தடத்தை லூசியன் டுமே, ரேமோன் லாப்ரோஸ் என்ற இரண்டு கனடியர்கள் நடத்தினார்கள். டச்சு நாட்டிலிருந்து யூதர்களையும் விமானப்படையினரையும் சுவிட்சர்லாந்துக்கும் ஸ்பெயினுக்கும் அனுப்பிய டச்சு-பாரிஸ் தடம் தனியே பெரிய ஆய்வுக்குரியது.

முதன்முதலாக இத்துறைக்குள் நுழைபவருக்கு நான் பரிந்துரைப்பது கோமெட் தடம். பிரஸ்ஸல்ஸ், பாரிஸ், பயோன், பிரான்ஸ்-ஸ்பெயின் எல்லையிலுள்ள பிரனீஸ் மலை, சான் செபாஸ்டியன், பில்பாவோ, மாட்ரிட், பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த ஜிப்ரால்டர் என்று அதன் பாதை பெரும்பாலும் நிலையாக இருந்ததால் ஒரு பயணத்தை இன்னொன்றோடு ஒப்பிட முடிகிறது. அதில் பணியாற்றியவர்களுள் பலர் பிழைத்து நெடுங்காலம் வாழ்ந்து நேர்காணல் அளித்திருக்கிறார்கள். இதை 1941இல் தொடங்கிய ஆந்த்ரே த யோங் அப்போது 24 வயதுப் பெண். ‘டெடே’ என்று அழைக்கப்பட்ட அவர் அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் ஒரு பிரிட்டிஷ் சிப்பாயையும் இரண்டு பெல்ஜியர்களையும் அழைத்துக்கொண்டு மலையைக் கடந்து, பில்பாவோ நகரிலிருந்த பிரிட்டிஷ் துணைத் தூதரகத்துக்குள் நேராக நுழைந்தார். செலவுக்குப் பணம் தந்தால் இன்னும் பலரைக் கொண்டுவர முடியும் என்று கூறிய அவரை அங்கிருந்தவர்கள் முதலில் நம்பத் தயங்கினார்கள். ஜெர்மானியர் அனுப்பிய ஆளாக இருக்கலாமோ என்ற ஐயம் லண்டனிலும் எழுந்தது.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

ஆவணத்தைத் திறக்கும் முன், இத்தகைய தடம் எவ்வாறு இயங்கியது என்ற பொது அறிவு வேண்டும். இல்லாவிட்டால் அறிக்கையில் வரும் ஒரு வரியின் பொருள் விளங்காது. லண்டனில் 1939 டிசம்பர் 23 அன்று எம்.ஐ.9 என்னும் இராணுவ உளவுப் பிரிவு நார்மன் க்ரோக்கட் தலைமையில் தொடங்கப்பட்டது. போர்க்கைதிகள் தப்பிப்பதற்கும், வீழ்த்தப்பட்ட விமானப்படையினர் பிடிபடாமல் திரும்புவதற்கும் உதவுவது அதன் வேலை. ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளில் இருந்த தடங்களோடு தொடர்பு வைத்திருந்தது ஜிம்மி லாங்லி, ஏரி நீவ் ஆகியோர் பணியாற்றிய மிகச் சிறிய உட்பிரிவு. லாங்லி டன்கர்க்கில் ஒரு கையை இழந்து, பின்பு தப்பி வந்தவர். நீவ் 1942 ஜனவரியில் கோல்டிட்ஸ் கோட்டைச் சிறையிலிருந்து தப்பியவர். மாட்ரிட் தூதரகத்தில் இருந்த மைக்கேல் கிரெஸ்வெல் ‘திங்கள்’ என்றும், லிஸ்பனிலும் பிறகு ஜிப்ரால்டரிலும் இருந்த டொனால்ட் டார்லிங் ‘ஞாயிறு’ என்றும், நீவ் ‘சனி’ என்றும் குறிக்கப்பட்டார்கள். இம்மூன்று கிழமைப் பெயர்களும் தந்திகளில் திரும்பத் திரும்ப வரும். தெரியாதவர் அவற்றைப் பயண நாட்கள் என்று தவறாக எண்ணிவிடக் கூடும்.

எம்.ஐ.9 பணம் கொடுத்தது என்பதால் கோமெட் அதன் கிளை என்று எழுதிவிடாதீர்கள். தடம் பெல்ஜியர்களின் கட்டுப்பாட்டிலேயே இருக்கும் என்பதில் ஆந்த்ரே த யோங் பிடிவாதமாக இருந்தார். லண்டன் அனுப்ப விரும்பிய, வானொலிக் கருவியில் தகவல் அனுப்பும் ஆளையும் அவர் ஏற்கவில்லை. வானொலி அலைகளைக் கருவி கொண்டு தேடிப்பிடிப்பது ஜெர்மானியருக்கு எளிது என்பதை நினைத்தால் அம்முடிவின் கூர்மை புரியும். இதற்கு நேர்மாறாக ஷெல்பர்ன் தடம் லண்டனில் திட்டமிடப்பட்டு, பயிற்சி பெற்ற ஆட்களோடும் வானொலியோடும் அனுப்பப்பட்டது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ‘பிரிட்டிஷ் ஒற்றர்கள்’ என்று எழுதுவது பெரும் பிழை.

தடத்தின் ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியை மட்டுமே அறிந்திருக்க வேண்டும் என்பது விதி. விமானியைக் கண்டெடுத்த விவசாயி, அவரைத் தங்க வைத்த வீட்டார், உடையும் காலணியும் தேடித் தந்தவர், அடையாள அட்டைக்குப் புகைப்படம் எடுத்தவர், போலி முத்திரை குத்தியவர், இரயிலில் கூடவே சென்றவர், எல்லையில் ஒப்படைத்தவர், மலையைக் கடக்க வைத்த வழிகாட்டி என்று ஒரு பயணிக்குப் பின்னால் பலர் இருப்பார்கள். ஓர் அறிக்கையைக் கையில் எடுக்கும்போது இந்தப் பாத்திரங்களின் பட்டியலை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அறிக்கையில் யார் யார் தென்படுகிறார்கள், யார் காணவில்லை என்று குறித்துக்கொண்டே போங்கள். காணாமற்போனவர்கள்தாம் நீங்கள் அடுத்துத் தேட வேண்டியவர்கள்.

பயணியின் அறிக்கையைப் படிக்கும் முறை

லண்டன் திரும்பிய பிரிட்டிஷ், காமன்வெல்த் படையினரை எம்.ஐ.9 அதிகாரிகள் விசாரித்துப் பதிவு செய்த அறிக்கைகள் லண்டனின் கியூ பகுதியிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில், போர் அலுவலகத்தின் 208ஆம் தொகுதியில் இருக்கின்றன. அமெரிக்க விமானப்படையினரின் அறிக்கைகள் வாஷிங்டன் அருகே காலேஜ் பார்க் என்ற இடத்திலுள்ள அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றில் பெரும்பகுதியைக் காப்பகத்தின் இணையப் பட்டியலிலேயே பக்கம் பக்கமாகப் பார்க்கலாம் என்பதால், சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ அமர்ந்துகொண்டு தொடங்குபவருக்கு அதுவே எளிய வாசல். பெயர் தெரியாவிட்டால் விமானப்படைக் குழுவின் எண், வீழ்ந்த நாள், வீழ்ந்த இடம் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றைக் கொண்டு தேடுங்கள்.

அறிக்கை பொதுவாக இரண்டு பகுதிகளாக இருக்கும். முன்பகுதியில், விமானத்திலிருந்து குதித்தது முதல் ஜிப்ரால்டர் வந்து சேர்ந்தது வரையிலான கதை தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். இப்பகுதியில் ஊர்ப் பெயர்களும் உதவியவர்களின் பெயர்களும் வேண்டுமென்றே விடுபட்டிருக்கும். ‘என் பயணம் பிறரால் ஏற்பாடு செய்யப்பட்டது’ என்ற பொருளில் ஒரே வரி வந்து, அதற்கு அடுத்த வரியில் அவர் ஸ்பெயினில் இருப்பார். வாசிப்பவர் ஏமாந்து மூடிவைத்துவிடும் இடம் அது. ஆனால் நமக்கு வேண்டியவை அதற்குப் பின்னால் இருக்கும் பின்னிணைப்புகள். உதவியவர்களின் பெயர், முகவரி, அடையாளம், தங்கிய நாட்கள் ஆகியவை தனிப் பின்னிணைப்பில் இரகசியமாகப் பதிவு செய்யப்பட்டன. தப்பிக்க உதவும் பொருட்களில் எவை பயன்பட்டன என்ற கேள்விகளுக்கும் விடைகள் இருக்கும்: பட்டுத்துணியில் அச்சிட்ட வரைபடம், பொத்தானுக்குள் மறைத்த திசைகாட்டி, மால்ட் மாத்திரை, தண்ணீர்ச் சுத்திகரிப்பு மாத்திரை, அந்நாட்டுப் பணம் வைத்த சிறு பை.

இந்தப் பொருள் பட்டியலை அசட்டையாகக் கடந்துபோக வேண்டாம். பணப்பை யாரிடம் ஒப்படைக்கப்பட்டது, திசைகாட்டியை யாருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார் என்பது போன்ற சிறு விடைகளில்தான், கதைப் பகுதியில் மறைக்கப்பட்ட உதவியாளர் திடீரென்று தலை காட்டுவார். அடையாள அட்டையின் புகைப்படமும் அப்படித்தான். பல விமானப்படையினர் புறப்படும்போதே சாதாரண உடையில் எடுத்த படங்களைச் சட்டைப்பையில் வைத்திருந்தார்கள்; படம் இல்லாதவர்களுக்குத் தடத்தினர் ஊருக்குள் அழைத்துச் சென்று எடுத்தார்கள். போலி அட்டை எஞ்சியிருந்தால், படத்தில் உள்ள மேற்சட்டை அவருக்குச் சொந்தமானதா, இரவல் பெற்றதா என்று அறிக்கையோடு ஒப்பிடுங்கள். இரவல் என்றால் அதைக் கொடுத்த வீடு எது என்ற கேள்வி எழும். அந்தக் கேள்விக்குத் தங்கிய நாட்களின் பட்டியல் விடை தரும்.

விமானப்படையினருக்குத் தடத்தினர் சொல்லித்தந்த நடத்தை விதிகளும் இவ்வறிக்கைகளில் சிதறிக் கிடக்கின்றன. அமெரிக்கர்கள் கறியை வெட்டியதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முள்கரண்டியை வலக்கைக்கு மாற்றும் பழக்கம் உடையவர்கள்; ஐரோப்பியர் அப்படிச் செய்வதில்லை. உணவகத்தில் அந்த ஒரு கை மாற்றம் போதும், பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்ப்பதற்கு. சட்டைப்பையில் கையை விட்டுச் சில்லறையைக் குலுக்காதே, சாய்ந்து நிற்காதே, வழிகாட்டியைப் பார்த்துச் சிரிக்காதே, அவர் இறங்கினால் மட்டும் இறங்கு என்றெல்லாம் கற்பித்த பெண்கள் பலர் இருபது வயதைக் கடக்காதவர்கள். நாவல் எழுதுபவருக்கு இதைவிட நல்ல பொருள் வேறு எங்கும் கிடைக்காது.

ஓர் எச்சரிக்கை. திரும்பி வந்தவர்கள் தம் பயணத்தைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை என்று கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். அதனால் குடும்பத்தாரிடம்கூடச் சொல்லாமல் இருந்து, முதுமையில் நினைவிலிருந்து எழுதியவர்கள் உண்டு. விசாரணை அறிக்கைக்கும் நாற்பது ஆண்டுகள் கழித்து வந்த நினைவுக்குறிப்புக்கும் முரண்பாடு வந்தால், நாள், இடம், வரிசை ஆகியவற்றில் அறிக்கையை நம்புங்கள். அச்சம், பசி, ஒரு முகத்தின் சாயல் ஆகியவற்றில் நினைவுக்குறிப்புக்கு மதிப்பளியுங்கள்.

பெயர்களைக் கையாளுதல்

ஒரே ஆள் மூன்று பெயர்களில் வருவார். எல்விர் த கிரீஃப் என்பவர் பயோன் அருகே ஆங்லே ஊரில் இருந்து கோமெட் தடத்தின் தென்பகுதியை நிர்வகித்தார்; அறிக்கைகளில் அவர் ‘தாந்த் கோ’, அதாவது கோ அத்தை. ஆந்த்ரேயின் தந்தையும் பள்ளித் தலைமையாசிரியருமான ஃபிரெடெரிக் த யோங் ‘பால்’. பிரஸ்ஸல்ஸ் பிரிவை நடத்திய ழான் கிரேண்டல் ‘நேமோ’. ஆந்த்ரேக்குப் பிறகு எல்லைப் பயணங்களை நடத்திய ழான்-பிரான்சுவா நோத்தோம்ப் ‘பிராங்கோ’. பயணிகள் இப்பெயர்களைக் காதால் கேட்டதோடு சரி, எழுத்தில் பார்த்ததில்லை. விசாரணை அதிகாரி தமக்குக் கேட்டபடி எழுதினார், தட்டச்சு செய்தவர் இன்னொரு விதமாக அடித்தார். ஆகவே ஒவ்வொரு நபருக்கும் ஓர் அட்டை போட்டு, அதில் மூலமொழி எழுத்துக்கூட்டல், புனைபெயர்கள், பிழையாக வந்த வடிவங்கள், நீங்கள் தமிழில் பயன்படுத்தப்போகும் ஒரே வடிவம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதும்போது ஓரிடத்தில் ‘டி ஜாங்’ என்றும் வேறோரிடத்தில் ‘த யோங்’ என்றும் வந்தால் வாசகர் இரண்டு குடும்பங்கள் என்று நினைத்துவிடுவார்.

நாட்காட்டி, வரைபடம், மழை

அட்டைகள் ஓரளவு சேர்ந்ததும் ஒரு நீண்ட நாட்காட்டி வரையுங்கள். கிடைமட்டத்தில் நாட்களும் செங்குத்தில் ஊர்களுமாக இருந்தால் போதும். ஒவ்வொரு பயணியையும் ஒரு கோடாக இழுத்துச் செல்லும்போது, எந்தெந்த நாளில் எந்தெந்த வீட்டில் யாரெல்லாம் ஒன்றாக இருந்தார்கள் என்பது தானாகவே வெளிப்படும். ஒரு பயணி பெயர் சொல்லாத வீட்டை, அதே நாளில் அங்கே இருந்த இன்னொரு பயணியின் அறிக்கை பெயரோடு சொல்லியிருக்கும். இத்துறையில் கிடைக்கும் கண்டுபிடிப்புகளில் பெரும்பாலானவை இப்படிக் கோடுகள் சந்திக்கும் புள்ளிகளில்தான் கிடைக்கின்றன.

அதே தாளில் நிலவையும் மழையையும் குறியுங்கள். ஷெல்பர்ன் தடத்தின் பயணிகளைப் பிரிட்டனியில் ப்ளூவா ஊருக்கு அருகிலுள்ள கடற்கரையிலிருந்து பிரிட்டிஷ் கடற்படையின் விரைவுப் படகுகள் இரவில் ஏற்றிச் சென்றன. நிலவில்லாத இரவுகளில் மட்டுமே அது இயலும். முதல் பயணம் 1944 ஜனவரி 28ஆம் நாள் இரவு நடந்தது என்பதையும் அதற்கு மூன்று நாள் முன்புதான் அமாவாசை என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் திட்டமிடலின் கட்டாயம் விளங்கும். ‘அல்போன்ஸ் வீட்டில் உள்ள எல்லாருக்கும் வணக்கம்’ என்ற பொருளில் பி.பி.சி. பிரெஞ்சு ஒலிபரப்பில் வரும் ஒரு வாக்கியமே படகு வருகிறது என்பதற்கான அறிவிப்பு. அதற்குப் பிறகு பாறைச் சரிவில் இறங்கும் பயணிகளை அழைத்துச் சென்றவர்களுள் உள்ளூர் இளம்பெண்களும் இருந்தார்கள். அக்கடற்கரையிலிருந்து 130க்கும் மேற்பட்டவர்கள் காப்பாற்றப்பட்டார்கள்.

மழை எவ்வளவு தூரம் ஒரு தடத்தின் தலைவிதியைத் தீர்மானித்தது என்பதற்கு 1943 ஜனவரி மாதத்தைப் பாருங்கள். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையில் ஓடும் பிடாசோவா ஆற்றை இரவில் நடந்து கடப்பது கோமெட் தடத்தின் வழக்கம். வழிகாட்டி ஃப்ளோரென்டினோ கோய்கொயெட்சியா என்னும் பாஸ்க் இனத்தவர். கடத்தல் தொழிலில் ஒவ்வொரு பாறையையும் அறிந்தவர். அம்மாதம் கடும் மழையால் ஆறு பெருகியிருந்தது. உர்ரூன் ஊரில் ஃபிரான்ட்சியா உசாண்டிசாகா என்ற கைம்பெண்ணின் பண்ணை வீட்டுக்கு மூன்று விமானப்படையினரோடு வந்து சேர்ந்த ஆந்த்ரே, அன்றிரவு மலையேற முடியாமல் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. ஜனவரி 15 அன்று வீடு சுற்றிவளைக்கப்பட்டது, அனைவரும் கைதானார்கள். ஃப்ளோரென்டினோ அப்போது அங்கே இல்லை. அந்த இரவு வானம் வெளுத்திருந்தால் அவர்கள் விடியும்போது ஸ்பெயினில் இருந்திருப்பார்கள். விசாரணையில் தாமே தலைவி என்று ஆந்த்ரே ஒப்புக்கொண்டபோது, இவ்வளவு இளம்பெண் அதை நடத்தியிருக்க முடியாது என்று ஜெர்மானியர் நம்ப மறுத்தார்கள். அவர் ராவன்ஸ்பிரூக், மௌட்ஹவுசன் முகாம்களில் அடைக்கப்பட்டு உயிர் பிழைத்தார். ஃபிரான்ட்சியா திரும்பவில்லை, 1945இல் ராவன்ஸ்பிரூக்கில் இறந்தார். இவ்விருவரையும் பற்றி எழுதப்பட்டவற்றின் பக்க எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பாருங்கள், இன்னும் எங்கே உழைப்பு தேவை என்பது தெரியும்.

அதே ஆறு 1943 டிசம்பரில், கிறிஸ்துமசுக்கு முந்திய நாட்களில், தடத்தின் பெல்ஜியத் தலைவர் ஒருவரையும் ஓர் அமெரிக்க விமானப்படையினரையும் மூழ்கடித்தது. எனவே ஆற்றைக் கடந்த கதை எதையும் எழுதும்போது அந்த வாரத்து வானிலையை அறியாமல் எழுதாதீர்கள்.

காட்டிக்கொடுப்பைப் படித்தல்

தடங்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து உடைக்கப்படவில்லை. உள்ளே நுழைந்தவர்களால் உடைக்கப்பட்டன. 1942 நவம்பரில் பிரஸ்ஸல்ஸில் மரெஷால் குடும்பத்தாரின் வீட்டுக்கு இரண்டு ‘அமெரிக்க விமானிகள்’ கொண்டுவரப்பட்டார்கள். அவ்வீட்டுத் தாய் இங்கிலாந்தில் பிறந்தவர். அவர்களுடைய ஆங்கிலமும் நடத்தையும் அவருக்குப் பொருந்தாமல் பட்டன. ஐயத்தை மேலிடத்துக்குத் தெரிவிக்க மகள் வெளியே சென்றிருந்த நேரத்திலேயே அவர்கள் தம் உண்மை முகத்தைக் காட்டினார்கள். இருவரும் ஜெர்மானிய ஆட்கள். அதைத் தொடர்ந்து பெல்ஜியத்தில் நூறு பேர் அளவில் கைதானார்கள். அவ்வீட்டுத் தந்தை அடுத்த ஆண்டு சுட்டுக்கொல்லப்பட்டார். விமானியைச் சோதிக்க அக்காலத்தில் கேட்கப்பட்ட கேள்விகளைப் பயணிகளின் அறிக்கைகளிலிருந்து திரட்டி நாள்வாரியாக அடுக்கினால், இந்நிகழ்வுக்குப் பிறகு சோதனை எவ்வளவு கடுமையானது என்பது புலப்படும்.

பாரிசில் ‘ழான் மாசோன்’ என்ற பெயரில் நுழைந்த ஜாக் தெசூப்ரி 1943 ஜூனில் ஃபிரெடெரிக் த யோங்கைப் பிடித்துக்கொடுத்தார். ஃபிரெடெரிக் 1944 மார்ச் 28 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். தெசூப்ரி 1949இல் மரண தண்டனை பெற்றார். பேட் ஓலியரி தடத்தில் ஹெரால்ட் கோல் என்னும் பிரிட்டிஷ் சார்ஜென்ட் இதே வேலையைச் செய்தார். 1941 டிசம்பரில் பிடிபட்டதும் வடபிரான்சில் தமக்குத் தெரிந்த உதவியாளர்களையெல்லாம் காட்டிக்கொடுத்தார். அப்பெவில் ஊரில் அனுமதிச் சீட்டுகளை அச்சிட்டுத் தந்த கார்ப்பென்தியே பாதிரியாரும் அதில் சிக்கி, பின்பு தலை துண்டிக்கப்பட்டு இறந்தார்.

கைதுகளின் வரிசையை ஆராயும்போது அவசரப்பட்டு யாரையும் துரோகி என்று முடிவு செய்யக் கூடாது. கைதுக்கும் அடுத்த கைதுக்கும் இடையே சில நாட்கள் கழிந்திருந்தால், முதலில் பிடிபட்டவர் சித்திரவதையில் பேசியிருக்கலாம் என்று தோன்றும். தோழர்கள் இடம் மாறுவதற்கு நேரம் கிடைக்கும்வரை தாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு பயனற்ற தகவலைக் கொடுத்தவர்களும் உண்டு. கூலிக்காகக் காட்டிக்கொடுத்தவரையும் நகங்கள் பிடுங்கப்பட்ட பிறகு வாய் திறந்தவரையும் ஒரே சொல்லால் குறிப்பது அநீதி. நீதிமன்றத் தீர்ப்பு இருந்தால் மட்டுமே பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டுங்கள். பிறவற்றில் கைதான நாளையும் இடத்தையும் பதிவு செய்தால் போதுமானது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் அதே ஊர்களில் வாழ்கிறார்கள்.

உதவியாளரைத் தேடிச் செல்லுதல்

போர் முடிந்ததும் பாரிஸ், பிரஸ்ஸல்ஸ் போன்ற நகரங்களில் நேச நாடுகளின் விருது அலுவலகங்கள் திறக்கப்பட்டு, உதவியவர்களின் விவரங்கள் திரட்டப்பட்டன. அவர்கள் செலவழித்த பணத்தைத் திருப்பித் தரவும் பதக்கம் வழங்கவும் நடந்த அந்த வேலையில் உருவான உதவியாளர் கோப்புகள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் நாடுவாரியாக இருக்கின்றன. பயணியின் பின்னிணைப்பில் கிடைத்த பெயரோடும் ஊரோடும் அங்கே சென்றால், அந்த மனிதரே தம் கையால் எழுதிய வாக்குமூலம்கூடச் சில கோப்புகளில் இருக்கும். பிரெஞ்சுக்காரர் என்றால் பாரிஸ் அருகே வென்சேன் கோட்டையிலுள்ள இராணுவ வரலாற்றுக் காப்பகத்தில் எதிர்ப்பியக்கத்தினரின் தனிநபர் கோப்புகளைத் தேடலாம். பெல்ஜியர் என்றால் பிரஸ்ஸல்ஸிலுள்ள செகேசோமா என்னும் போர்க்கால ஆய்வு மையம் நல்ல தொடக்கம். முகாமுக்கு அனுப்பப்பட்டவராக இருந்தால் ஜெர்மனியிலுள்ள ஆரோல்சன் காப்பகத்தின் இணையத்தளத்தில் பெயர், பிறந்த நாள் கொண்டு தேடலாம்.

எங்கேயும் ஒன்றும் கிடைக்காத ஆட்களும் இருப்பார்கள். 1941 டிசம்பரில் ஹிட்லர் பிறப்பித்த ‘இரவும் மூடுபனியும்’ ஆணையின்படி, மேற்கு ஐரோப்பிய எதிர்ப்பாளர்கள் உறவினருக்கு எந்தத் தகவலும் கிடைக்காதபடி ஜெர்மனிக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். உயிரோடு இருக்கிறாரா என்று குடும்பத்துக்குத் தெரியாமல் இருப்பதே அந்த ஆணையின் நோக்கம். ஆகவே ஒரு பெயர் 1943இல் சட்டென்று எல்லாத் தாள்களிலிருந்தும் மறைந்தால், கைதான ஊரின் சிறைப் பதிவேடு, அவ்வூர்ப் போர் நினைவுச் சின்னம் ஆகிய இரண்டையும் தேடுங்கள். பிரெஞ்சு, பெல்ஜியக் கிராமங்களில் தேவாலயச் சுவரிலோ நகர மன்ற வாசலிலோ பொறிக்கப்பட்ட பெயர்கள் அனேகமாகப் புகைப்படமாக இணையத்தில் கிடைக்கின்றன.

எண்களைப் பொறுத்தவரை ஒரு கட்டுப்பாடு வேண்டும். கோமெட் தடம் காப்பாற்றியவர்கள் என்று சிலர் ஏறத்தாழ 800 என்பார்கள், சிலர் 300க்குச் சற்றுக் குறைவு என்பார்கள். பிரனீஸ் மலையைக் கடந்த விமானப்படையினரை மட்டும் எண்ணுவது ஒரு முறை. சிப்பாய்கள், பெல்ஜிய இளைஞர்கள், 1944இல் இரயில் பாதைகள் குண்டுவீச்சில் சிதைந்ததால் மலைக்கு அனுப்பாமல் காட்டு முகாம்களில் மறைத்து வைக்கப்பட்டவர்கள் ஆகியோரையும் சேர்ப்பது இன்னொரு முறை. பிரான்சின் ஃபிரெத்தேவால் காட்டில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அப்படி மறைந்திருந்து, 1944 ஆகஸ்டில் விடுவிக்கப்பட்டார்கள். எண்ணை எழுதும்போது, அது யாரை உள்ளடக்குகிறது என்பதை அதே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

இயன்றால் நிலத்தை நேரில் பாருங்கள். பாஸ்க் நாட்டில் கோமெட் பாதையை ஆண்டுதோறும் செப்டம்பரில் பலர் ஒன்றுகூடி நடக்கிறார்கள். கிழக்கே சான்-ஜிரோன் ஊரிலிருந்து தொடங்கும் இன்னொரு மலைப்பாதையில் ஜூலையில் நடைப்பயணம் உண்டு, அது மிகக் கடினமானது. வரைபடத்தில் சில கிலோமீட்டர் என்று தெரியும் தூரம், இருளில், கயிற்றடிச் செருப்போடு, முன்னால் போகிறவரின் முதுகை மட்டும் பார்த்து ஏறும்போது எவ்வளவு நீளும் என்பதை அறிக்கைகள் சொல்வதில்லை, கால்கள் சொல்லிவிடும்.

இந்திய வாசகர்களுக்கு இத்துறையில் நேரடியான தொடர்புடைய ஒரு களம் காத்திருக்கிறது. வட ஆப்பிரிக்காவில் சிறைப்பட்ட பிரிட்டிஷ் இந்தியப் படையினர் கிழக்கு பிரான்சில் எப்பினால் நகரத்து முகாமில் வைக்கப்பட்டிருந்தார்கள். 1944 மே 11 அன்று அமெரிக்க விமானங்கள் அந்நகரின் மீது குண்டு வீசியபோது முகாம் சுவர்கள் இடிந்தன. வெளியேறியவர்களுள் 500 பேர் வரை சுவிட்சர்லாந்தை அடைந்தார்கள். அவர்களுக்கென்று எந்தத் தடமும் முன்கூட்டி அமைக்கப்படவில்லை. மொழி தெரியாத, நிறத்தால் ஒளிந்துகொள்ள முடியாத அவர்களை வழிநெடுகக் கிராமத்தார் வைக்கோல் பரணில் படுக்க வைத்து, உணவு கொடுத்து, அடுத்த ஊர் வரை கூட்டிச் சென்று விட்டார்கள். எத்தோபோன் அப்படிப்பட்ட ஓர் ஊர். அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று அவ்வூர் ஆண்கள் 39 பேரை ஜெர்மானியர் சுட்டுக்கொன்றார்கள். ஆனால் அது அப்பகுதியின் ஆயுதப் போராட்டக் குழுவோடு தொடர்புடைய பழிவாங்கல்; அதை இந்தியர்களுக்கு அடைக்கலம் தந்ததற்கான தண்டனை என்று இணைத்து எழுதிவிடக் கூடாது. இக்களத்தில் இறங்க விரும்புபவர்கள் கியூ காப்பகத்தின் அதே 208ஆம் தொகுதியையும், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள இந்திய அலுவலக ஆவணங்களையும், எப்பினால் அமைந்துள்ள வோஜ் மாவட்டத்தின் காப்பகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிப்பாய்களின் பெயர்கள் ஆங்கில எழுத்தர்கள் கையில் பலவாறு சிதைந்திருக்கும் என்பதால், முதலில் படைப்பிரிவு எண்ணைக் கொண்டு தேடத் தொடங்குவது நல்லது.